விந்தணுவுக்கு வழி சொன்னது யார்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படிக்கக் கொடுக்கலாம்.

மேடையில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். "பிறப்பதற்கு முன்பே கோடிக்கணக்கான பேரை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து வந்தவன் நீ!" கைதட்டல் அள்ளும். உயிரியல் வகுப்பில் இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் பலருக்கு அந்தப் பாடத்தில் மிஞ்சுவது இந்த ஓட்டப்பந்தயப் படம் ஒன்றுதான். ஓடுகிறவன் ஆண். பெண்ணின் உடல் வெறும் ஓடுபாதை. முட்டை கடைசியில் காத்திருக்கும் பரிசுக் கோப்பை.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது, அதை அறிவியல் எப்படிக் கலைத்தது என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கதையின் கடைசிப் பகுதியில் அனாட் பாஹத் என்ற மூலக்கூறு உயிரியலாளர் வருவார். இஸ்ரேலில் ரெஹோவோட் என்ற ஊரில் உள்ள வைஸ்மன் அறிவியல் நிலையத்தைச் சேர்ந்தவர். விந்தணு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்ற ஆய்விலும், மரபணு எப்படிப் படியெடுக்கப்படுகிறது என்ற ஆய்விலும் அவர் பெயர் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு துறைகள். ஆனால் அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் நமக்குத் தேவையான செய்தி இருக்கிறது.

முதலில் 1677க்குப் போவோம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளால் குளத்து நீரையும் பல் அழுக்கையும் பார்த்துக்கொண்டிருந்தவர். ஹாம் என்ற மருத்துவ மாணவர் ஒரு நோயாளியின் விந்தைக் கொண்டுவந்து, இதில் வாலுள்ள சிறு உயிர்கள் நெளிகின்றன என்றார். லேவன்ஹூக் தன் விந்தையே எடுத்துப் பார்த்தார். அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் பிரவுங்கருக்குக் கடிதம் எழுதினார். அதில் அவருக்குப் பெரிய சங்கடம். இது பாவமான வழியில் எடுத்தது இல்லை, மணவாழ்வில் கிடைத்தது என்று விளக்கம் சொன்னார். படிப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கும் என்று தோன்றினால் வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நம் வகுப்பறைக் கூச்சத்துக்கும் சுமார் மூன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு!

அடுத்து 1694இல் ஹார்ட்சூக்கர் என்பவர் விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் குந்தி உட்கார்ந்திருப்பதுபோல் படம் வரைந்தார். கண்ணால் பார்த்து வரைந்தது இல்லை, இப்படி இருக்கலாம் என்ற ஊகம். ஆனால் அந்தப் படம் நிலைத்துவிட்டது. முழு மனிதனும் ஆணிடமிருந்தே வருகிறான், பெண் வயல் மட்டும் என்ற எண்ணத்துக்கு அறிவியல் சாயம் கிடைத்தது. இதற்கு நேர் எதிராக, எல்லாம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது, விந்து அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான் என்று சொன்ன அணியும் இருந்தது. இத்தாலியின் ஸ்பல்லன்சானி அந்த அணிக்காரர். ஆண் தவளைகளுக்கு மெல்லிய துணியில் கால்சட்டை தைத்துப் போட்டு, விந்து முட்டையைத் தொடாவிட்டால் கரு உருவாகாது என்று நிரூபித்தவர் அவர். ஒரு பெண் நாய்க்குச் செயற்கையாக விந்தைச் செலுத்தி, 62 நாளில் மூன்று குட்டிகள் பிறக்கவும் வைத்தார். விந்தை வடிகட்டியபோது, வடிந்த நீருக்குச் சக்தி போய்விட்டது, தாளில் தங்கியதற்குச் சக்தி இருந்தது. விடை கையிலேயே இருந்தும், விந்தணுதான் காரணம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மனதில் ஒரு படம் பதிந்துவிட்டால் கண் முன்னால் இருக்கும் சான்றுகூடத் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

1870களில் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டையை நுண்ணோக்கியில் பார்த்து, விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாகச் சேர்வதைக் கண்டார். அத்துடன் அந்தப் பழைய வழக்கு தீர்ந்தது. இருவரும் பங்களிக்கிறார்கள். சரி, அவ்வளவு சிறிய விந்தணு முட்டை இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இங்கே ஜெர்மனியின் ட்யூபிங்கன் என்ற பல்கலைக்கழக ஊரைக் கவனியுங்கள். நம் கதையின் இரண்டு நூல்களும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் நூல் 1869. ட்யூபிங்கன் கோட்டையின் பழைய சமையலறைதான் அப்போது வேதியியல் ஆய்வகம். அங்கே மீஷர் என்ற சுவிஸ் இளைஞர், மருத்துவமனையிலிருந்து வந்த சீழ் பிடித்த கட்டுத் துணிகளை அலசி, அதிலிருந்த செல்களின் உட்கருவிலிருந்து புதிய பொருள் ஒன்றைப் பிரித்தார். நியூக்ளீன் என்று பெயர் வைத்தார். இன்று நாம் டி.என்.ஏ. என்று சொல்வது அதைத்தான். பின்னர் தன் ஊரான பாசலுக்குத் திரும்பி, ரைன் நதி சால்மன் மீனின் விந்தணுக்களை ஆராய்ந்தார். அதில் டி.என்.ஏ.வோடு ஒட்டியிருந்த காரத்தன்மையுள்ள இன்னொரு பொருளையும் கண்டு, 1874இல் புரோட்டமின் என்று பெயரிட்டார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

இரண்டாவது நூல் 1884. அதே ட்யூபிங்கனில் தாவரவியல் பேராசிரியர் ஃபெஃபர். பெரணிச் செடிகளுக்கும் நீந்தும் விந்தணு உண்டு. ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் மாலிக் அமிலத்தை நிரப்பி, பெரணியின் விந்தணுக்கள் நீந்தும் நீரில் அதை வைத்தார். ஆப்பிளுக்குப் புளிப்பு தரும் அமிலம் அது. விந்தணுக்கள் வரிசையாகக் குழாயின் வாய்க்குள் நுழைந்தன. பார்வையும் நரம்பும் இல்லாத ஒற்றைச் செல், கரைசலின் அடர்த்தி கூடும் திசையை அறிந்து நீந்துகிறது. இதற்கு வேதி நாட்டம் என்று பெயர்.

கடல் உயிரினங்களில் இதே சங்கதி தெளிவாக நிறுவப்பட மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. 1966இல் ரிச்சர்ட் மில்லர் ஹைட்ராவின் உறவான ஒரு கடல் உயிரியிடம் காட்டினார். 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கடல் முள்ளெலி முட்டையைச் சுற்றியுள்ள கூழில் ரீசாக்ட் என்ற 14 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத் துண்டைக் கண்டார்கள். விந்தணுவை இழுப்பது அதுதான்.

பாலூட்டிகளுக்கு வந்தால் மட்டும் அறிஞர்கள் தயங்கினார்கள். கடல் விரிந்து கிடக்கிறது, அங்கே வழிகாட்டி வேண்டும். பாலூட்டியில் விந்து உடலுக்குள்ளேயே போகிறது, கோடிக்கணக்கில் போகிறது, ஏதோ ஒன்று முட்டையில் மோதிவிடாதா என்ன? வழிகாட்டி எதற்கு? நம் மேடைப் பேச்சாளரின் ஓட்டப்பந்தயமும் இதே கணக்குதான்.

கணக்கைச் சரியாகப் போட்டால் விடை மாறுகிறது. புறப்படுவது கோடிகள், உண்மை. கருமுட்டைக் குழாய் வரை போய்ச் சேர்வது சில நூறு. அவையும் எல்லாம் தயாரானவை இல்லை. 1951இல் அமெரிக்காவில் எம். சி. சாங்கும், ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டினும் தனித்தனியாக ஒரே உண்மையைக் கண்டார்கள். பாலூட்டியின் விந்தணு வெளியேறியவுடன் முட்டையைக் கருவுறச் செய்ய இயலாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் தங்கிய பிறகுதான் அதற்கு அந்தத் தகுதி வருகிறது. முதலில் ஓடிப்போய் நிற்கும் விந்தணுவால் ஒரு பயனும் இல்லை என்று அர்த்தம்! பந்தயம் என்ற படம் இந்த ஒரு கண்டுபிடிப்பிலேயே ஆட்டம் கண்டிருக்க வேண்டும்.

வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் ஐசன்பாக், பாக்டீரியாக்கள் எப்படி உணவை நோக்கி நீந்துகின்றன என்று ஆராய்ந்து வந்தவர். அதே கேள்வியை மனித விந்தணுவிடம் கேட்டார். 1991இல் தினா ரால்ட் முதலியோருடன் வெளியிட்ட கட்டுரையில், கருமுட்டையைச் சுற்றியிருந்த திரவத்தை நோக்கி விந்தணுக்கள் கூடுகின்றன என்றும், எந்த முட்டையின் திரவம் இழுத்ததோ அந்த முட்டைக்கே கருவுறும் வாய்ப்பும் கூடுதல் என்றும் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இன்னொன்றும் தெரிந்தது. எல்லா விந்தணுவும் இந்த அழைப்புக்குச் செவி சாய்ப்பதில்லை. தகுதி பெற்றவை மட்டுமே சாய்க்கின்றன. ஒரு நேரத்தில் அவை பத்தில் ஒரு பங்குதான். அந்தத் தகுதியும் சில மணி நேரமே நீடிக்கும், ஒரு விந்தணுவுக்கு அது ஒரே ஒரு முறைதான் வரும். பழையவை தகுதி இழக்க, புதியவை தகுதி பெற, முட்டை எப்போது வந்தாலும் தயாராக ஒரு சிறு கூட்டம் இருக்கும். வாசலில் காவல் மாற்றுவதுபோல.

ஆனால் வாசனை நெடுந்தூரம் எட்டாது. கருமுட்டைக் குழாயின் சுவர் அசைந்துகொண்டே இருக்கும், கரைசல் கலைந்துவிடும். முட்டைக்கு அருகில் போன பிறகு வேதி நாட்டம் உதவும். அதுவரை?

இங்கேதான் அனாட் பாஹத் வருகிறார். ஐசன்பாக்கின் குழுவில் அவர் செய்த ஆய்வு 2003இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்தது. முயலின் கருமுட்டைக் குழாயில் விந்தணுக்கள் தங்கிக் காத்திருக்கும் இடம் சற்றுக் குளிர்ச்சி, கருவுறுதல் நடக்கும் இடம் சற்று வெப்பம். வித்தியாசம் சுமார் 2 டிகிரி. இந்த வித்தியாசமே வழிகாட்டியாக இருக்குமா? ஆய்வகத்தில் வெப்ப வித்தியாசம் உண்டாக்கிப் பார்த்தபோது, விந்தணுக்கள் வெப்பம் கூடிய பக்கம் நீந்தின. இதிலும் தகுதி பெற்ற விந்தணுக்கள்தான் பதில் சொன்னன. வெப்ப நாட்டம் நெடுவழிக்கு, வேதி நாட்டம் கடைசி அடிக்கு என்று அவர்கள் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள்.

2012இல் பாஹத்தும் குழுவினரும் மனித விந்தணுக்களை வைத்து அளந்து காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 0.014 டிகிரிக்கும் குறைவான வெப்ப மாற்றத்தையும் அவை உணர்ந்தன. தன் உடல் நீளம் அளவு நீந்தும்போது விந்தணு சந்திக்கும் வித்தியாசம் 0.0006 டிகிரிக்கும் குறைவு என்று கணக்கு வந்தது. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். இவ்வளவு நுட்பமான கருவி அந்தத் துளி உயிரிடம் எப்படி? 2015இல் ஐசன்பாக்கின் குழு இன்னொரு வியப்பைச் சொன்னது. அந்த உணர்கருவியில் ஆப்சின் வகைப் புரதங்களுக்குப் பங்கு இருக்கிறது. நம் கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் அதே குடும்பம். வெளிச்சமே இல்லாத இடத்தில் அவை வெப்பத்தை உணர உதவுகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவை ஆய்வகத்தில் அளந்தவை. மனித உடலுக்குள் ஒரு விந்தணுவின் பின்னால் போய் யாரும் பார்த்ததில்லை. குழாயின் அசைவு, உள்ளே ஓடும் திரவம் ஆகியவற்றின் பங்கும் ஆராயப்படுகிறது. ஆனால் வழி காட்டுவதில் பெண்ணுடலுக்குப் பங்கு உண்டு என்பதில் இன்று பெரிய சந்தேகம் இல்லை.

இப்போது முதல் நூலுக்கு, மீஷரின் நூலுக்குத் திரும்புவோம். விந்தணுவுக்கு வேண்டிய இந்தக் கருவிகளைச் செய்தது யார்?

மரபணு என்பது மூலப் பத்திரம் மாதிரி. பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும். வேலைக்கு நகல் எடுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுப்பதைப் படியெடுத்தல் என்று பாடநூல் சொல்லும். அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. எந்தச் செல்லில் எந்தப் பத்திரத்துக்கு நகல் போட வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு பெரிய புரதக் கூட்டமே உண்டு.

விந்தணு உருவாகும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. வழக்கமாக டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பெரும்பாலானவை கழற்றப்பட்டு, மீஷர் கண்ட புரோட்டமின் வகை அங்கே வந்து, டி.என்.ஏ.வை இறுக்கிச் சுருட்டிக் கட்டிவிடுகிறது. பத்திரத்தை உருட்டி, கயிறு போட்டு, அரக்கு முத்திரையும் வைத்தாயிற்று. இனி உட்கருவிலிருந்து நகல் எடுக்க முடியாது. விந்தணு புறப்பட்ட பிறகு வழியில் எது தேவைப்பட்டாலும் புதிதாக எழுதி வாங்க இயலாது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்களே, அதுபோல. வழியில் அடுப்பு கிடையாது. வெப்பத்தை உணரும் புரதம், வாலை இயக்கும் புரதம், எல்லாம் விந்தகத்தில் இருக்கும்போதே, இரண்டு மாதத்துக்கும் மேலாக நடக்கும் தயாரிப்பில் சமைத்து முடித்திருக்க வேண்டும்.

அந்தச் சமையலறையில் ஒரு சிறு பிசகு வந்தால் என்ன ஆகும்? 1996இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ராபர்ட் ஜியான் ஆய்வகத்தில் இருந்த ரிவ்கா டிக்ஸ்டைனும் சகாக்களும், படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் கூட்டத்தில் ஒரு புதிய உறுப்பினரைக் கண்டார்கள். பின்னாளில் டாஃப்4பி என்று பெயர் பெற்றது. நோய் எதிர்ப்பு வேலை செய்யும் பி செல்களில் அதைக் கண்டதால், எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புடையது என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்த மரபணுவை நீக்கிய எலிகளை 2001இல் பார்த்தபோது விடை வேறு பக்கம் இருந்தது. பெண் எலிகளுக்குச் சினையகம் சரியாக வளரவில்லை, குட்டி ஈனவில்லை. 2005இல் ஆண் எலிகளின் கதையும் தெரிந்தது. முதலில் நன்றாக இருந்தன, விந்தணு உண்டாக்கின. ஆனால் மூன்று மாத வயதுக்குள் மலடாகிவிட்டன. 2014இல் துருக்கியின் ஒரு குடும்பத்து ஆண்களின் விந்துக் குறைபாட்டுக்கு இதே மரபணுவின் பிழை காரணம் என்று கண்டறியப்பட்டது.

டிக்ஸ்டைன் வைஸ்மன் நிலையத்தில் தன் குழுவை அமைத்தார். பாஹத் அந்தக் குழுவில் சேர்ந்து படியெடுத்தல் ஆய்வுக்கு வந்தார். கருக் குருத்துச் செல்களில் டாஃப்4பி என்ன வேலை செய்கிறது என்று 2013இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. ட்யூபிங்கனில் 15 ஆண்டு இடைவெளியில் தொடங்கிய இரண்டு நூல்களும், நூறாண்டுக்கு மேல் கழித்து ரெஹோவோட்டில் ஒருவர் கையில் சேர்ந்தன.

இதையெல்லாம் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது.

நம் ஊரில் "மலடி" என்ற சொல் எத்தனை வாயில் புழங்கியிருக்கிறது! "மலடன்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்? கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனால், ஸ்கேனுக்கும் குழாய்ப் பரிசோதனைக்கும் கோயில் விரதத்துக்கும் அழைத்துப் போகப்படுவது மருமகள். மகனை யாரும் அழைப்பதில்லை. என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் சிலர் பல வருடம் இப்படி அலைந்த பிறகு, கணவருக்குச் செய்த ஒரே ஒரு விந்துப் பரிசோதனையில் காரணம் தெரிந்ததை நான் அறிவேன். உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் உண்டு என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

ஓட்டப்பந்தயப் படம் மனதில் இருக்கும்வரை இது மாறாது. ஓடுபவன் வீரன், வீரனுக்கு எதற்குச் சோதனை? குற்றம் பாதையில்தான் இருக்க வேண்டும்! ஆனால் விந்தணுவின் வழியைப் பாஹத் போன்றவர்கள் காட்டிய பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. விந்தணுவைத் தகுதிப்படுத்துவது பெண்ணுடல். வழி காட்டுவதும் அதுவே. அந்த வழியைப் படிக்கும் கருவி ஆணின் உடலில் முன்கூட்டியே செய்யப்பட்டிருக்க வேண்டும். எது பிசகினாலும் கரு நிற்காது. அதில் வீரமும் இல்லை, குற்றமும் இல்லை. எந்தப் பக்கம் பிசகு என்று பார்க்காமல் ஒருவரை மட்டும் நிறுத்திக் கேட்பதுதான் குற்றம்.

1992இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை வந்தது. வழி தேடும் வேலையே இல்லாமல் பிள்ளை பிறக்க முடிந்தது. எத்தனையோ வீடுகளுக்கு அது வரம். அதே சமயம், வழியே செய்துவந்த தெரிவு அங்கே இல்லாமல் போகிறது. வெப்பத்தை நோக்கி நீந்தும் விந்தணுக்களைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினால் பலன் கூடுகிறதா என்று எலிகளில் சோதித்து, 2018இல் நல்ல முடிவு வந்தது. எங்கேயோ முயலின் குழாயில் 2 டிகிரி அளந்த ஆய்வு, நாளை நம் ஊர்க் கருத்தரிப்பு மையம் வரை வரலாம்.

ஆகவே வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். விந்துப் பரிசோதனை எளியது, வலி இல்லாதது, மற்றவற்றோடு பார்த்தால் செலவும் குறைவு. கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா என்று மருத்துவர் கேட்டால் வியக்க வேண்டாம். விந்தணு உருவாகும் கால அளவை நினைத்துக்கொள்ளுங்கள், காரணம் புரியும். பதினேழு வயதுப் பிள்ளை இந்தப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் பேச்சை மாற்றாமல் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இங்கே பின்னூட்டத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.